ஆஷ்லினைப் பற்றி ஒரு விசாரிப்பு

இன்னாசிமுத்து தன் வாழ்நாளில் நூற்றைம்பது பேருக்காவது நற்சான்றிதழ் கொடுத்திருப்பார். அதில் ஒன்றைக்கூட அவர் எழுதியதில்லை. "நீயே எழுதிக் கொண்டாப்பா, கையெழுத்துப் போட்டு சீல் வச்சுத் தாரேன்" என்பதுதான் அவர் வழக்கம். பாஸ்போர்ட், வீட்டுக் கடன், பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கை, எதுவானாலும் இதே பதில்தான். சமயநல்லூரில் மாட்டுத் தீவன மில்லின் மேனேஜர் என்றால் சும்மாவா? கேட்டவர்களும் தங்களைத் தாங்களே கொஞ்சமும் கூசாமல் புகழ்ந்து எழுதிக்கொண்டு வந்து நிற்பார்கள். இவர் கண்ணாடியைக்கூட மாட்டாமல் கையெழுத்துப் போடுவார். இத்தனை வருடத்தில் இதனால் யாருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை.

ஆஷ்லின் வந்து கேட்டபோதும் அதையேதான் சொன்னார்.

ஆஷ்லின் அந்த மில்லில் தரக்கட்டுப்பாடு பார்க்கிறவள். இருபத்தேழு வயது. அப்பா இல்லை. அம்மா ஜெஸி மிஷன் பள்ளியில் டீச்சர். பழங்காநத்தத்து வீட்டிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வேலைக்கு வருகிறவள், எட்டு மாதமாக எம்பிஏ படிப்புக்கு விண்ணப்பம் தயார் செய்துகொண்டிருந்தாள். தெருவுக்குத் தெரு இருக்கிற எம்பிஏ அல்ல. வடக்கே ஒரு பெரிய கல்லூரி, நாடு முழுவதும் இருந்து ஆயிரக்கணக்கில் முட்டி மோதுகிற இடம். நுழைவுத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கிவிட்டாள். ஆனால் அது வாசல் வரைக்கும்தானாம். நீ யார், என்ன முடிவு எடுத்தாய், எங்கே சறுக்கினாய் என்று கட்டுரை எழுதித்தான் உள்ளே போக வேண்டுமாம். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் எழுதுவாள். கிடைக்காவிட்டால் கம்பியைப் பிடித்து நின்றபடியே வரி வரியாக மனதுக்குள் அடித்துத் திருத்துவாள். அந்தக் கட்டுரையைப் பதினோரு தடவை திருத்தி எழுதினாள் என்பது மில்லில் எல்லோருக்கும் தெரியும். அதில் என்ன எழுதியிருக்கிறாள் என்பது இன்னாசிமுத்து உட்பட யாருக்கும் தெரியாது.

"இல்ல சார், நான் எழுதக் கூடாது. உங்க மெயிலுக்கே லிங்க் வரும். என்னையப் பத்தி நீங்கதான் எழுதணும், நான் அதப் பாக்கவே கூடாது" என்றாள் அவள்.

இன்னாசிமுத்துவுக்கு இது விளங்கவில்லை. ஒருவரைப் பற்றி அவருக்கே தெரியாமல் எழுதினால் அதற்குப் பெயர் மொட்டைக் கடுதாசி அல்லவா? இருந்தாலும் நல்ல பெண், கேட்டுவிட்டாள். லிங்க் வந்ததும் திறந்து பார்த்தார். பதினான்கு கேள்விகள். கட்டம் இருந்த இடத்தில் எல்லாம் 'மிகச் சிறப்பு' என்பதைத் தட்டிக்கொண்டே போனார். உதாரணத்துடன் விவரிக்கவும் என்று இருந்த இடங்களில் எல்லாம் ஒரே வரிதான்: நல்ல பெண், கடின உழைப்பாளி, கடவுள் ஆசீர்வதிப்பாராக. ஏழு நிமிடத்தில் வேலை முடிந்தது. ஒரு பெரிய காரியம் செய்த திருப்தியோடு டீ குடிக்கப் போனார். அவள் எட்டு மாதம் உயிரைக் கொடுத்துச் செய்த விண்ணப்பத்தில் இவர் பங்கு இவ்வளவுதான்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வெளியே வரும்போது ஜெஸி டீச்சர் அவரைப் பிடித்துக்கொண்டார். திண்டுக்கல்லில் ஒரு வரன் வந்திருக்கிறதாம். பையன் இன்ஜினீயர், நல்ல குடும்பம். பெண் வேலை பார்க்கிற இடத்தில் விசாரிக்க வேண்டும் என்று கேட்டார்களாம். "உங்க நம்பரத்தான் குடுத்திருக்கேண்ணே. போன் பண்ணுவாங்க, பாத்து நல்லவிதமாச் சொல்லுங்க. அவளுக்கு இப்பத் தெரிய வேணாம்" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

இதை இன்னாசிமுத்துவிடம் சொல்லவும் வேண்டுமா? பெண்ணைப் பற்றி விசாரிக்க வருகிறவர்களிடம் எதைச் சொல்ல வேண்டும், எதை மூச்சுகூட விடக்கூடாது என்பதில் அவரை அடித்துக்கொள்ள அந்தப் பங்குக் கோயில் வட்டாரத்தில் ஆள் கிடையாது. அவர் ஒரு போன் பேசியதில் நின்றுபோக இருந்த கல்யாணங்கள் நடந்திருக்கின்றன. தான் பார்த்துக்கொள்வதாக டீச்சருக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார்.

புதன்கிழமை காலை பதினோரு மணிக்குப் போன் வந்தது. பெண் குரல், பாதி தமிழும் பாதி இங்கிலீஷுமாக மிகவும் மரியாதையான குரல். தன் பெயர் ஆர்த்திகா, ஆஷ்லின் விஷயமாகப் பேச வேண்டும், உங்கள் எண்ணைக் கொடுத்திருந்தார்கள் என்று ஆரம்பித்தாள்.

"தெரியும்மா, சொல்லிருந்தாங்க. ஒளிவு மறைவு இல்லாமக் கேளுங்க" என்று இன்னாசிமுத்து அங்கேயே மறித்துவிட்டார். மாப்பிள்ளையின் அக்காவாக இருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு, லோடு இறக்கும் சத்தம் கேட்காத இடமாகப் பார்த்து எடை மேடை அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

எத்தனை வருடமாகத் தெரியும் என்று கேட்டாள். ஐந்து வருடம், குடும்பத்தையே தெரியும் என்றார். நெருக்கடியான நேரத்தில் எப்படி நடந்துகொள்வாள் என்று கேட்டாள். கோபம் என்றால் என்னவென்றே தெரியாது, இருக்கிற இடம் தெரியாமல் இருப்பாள் என்றார். பெரியவர்கள் சொல்வதில் உடன்பாடு இல்லையென்றால் என்ன செய்வாள் என்று கேட்டாள். இந்தக் காலத்து மாப்பிள்ளை வீட்டார் எப்படியெல்லாம் வளைத்து வளைத்துக் கேட்கிறார்கள் என்று இன்னாசிமுத்து அசந்துபோனார். மாமியாரோடு ஒத்துப்போவாளா என்பதை இதைவிட நாசூக்காக யாரால் கேட்க முடியும்?

"அதெல்லாம் எதுத்து ஒரு வார்த்தை வராதும்மா. சொந்தமா ஒரு முடிவும் எடுக்காது. எதுன்னாலும் நம்மளக் கேட்டுத்தான் செய்யும்" என்றார்.

மறுமுனையில் விசைப்பலகை தட்டுகிற சத்தம் கேட்டது. கம்ப்யூட்டரில் குறித்துக்கொள்கிறார்கள், பெரிய இடம்தான் என்று அவருக்கு உற்சாகம் கூடியது. எதிர்காலத்தைப் பற்றி ஆஷ்லினுக்கு என்ன லட்சியம் இருக்கிறது என்று அடுத்த கேள்வி வந்தது. கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போக வேண்டும் என்பாளோ என்று பயப்படுகிறார்கள் போல. அந்தப் பயத்தையும் போக்கிவிட்டார். அப்படிப் பெரிய ஆசையெல்லாம் அந்தப் பிள்ளைக்குக் கிடையாது, ஏதோ படிக்கணும் படிக்கணும் என்று சொல்லிக்கொண்டு திரிகிறது, வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் விட்டுவிடும் என்றார்.

 பிறகு ஆர்த்திகா கேட்டாள். "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி மூணு லோடு மக்காச்சோளத்த, நீங்க இறக்கச் சொல்லியும் கேக்காம, ஆஷ்லின் திருப்பி அனுப்பினாங்களாமே. அது உண்மையா சார்?"

இன்னாசிமுத்து கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தார். இது எப்படித் திண்டுக்கல் வரைக்கும் போனது?

நடந்தது அதுதான். அந்த ஐப்பசியில் மழை விடாமல் அடித்தபோது மூன்று லாரி சோளம் வந்தது. தெரிந்த புரோக்கர், இறக்குங்கள் என்று இவர் சொல்லிவிட்டார். ஆஷ்லின் குத்தூசியை மூட்டைக்குள் விட்டு எடுத்து, உள்ளங்கையில் கொட்டி மோந்து பார்த்துவிட்டு, பூஞ்சை பிடித்திருக்கிறது, இறக்க விடமாட்டேன் என்றாள். இவர் அத்தனை பேர் முன்னால் கத்தினார். வேலையை விட்டுத் தூக்கிவிடுவேன் என்றார். அவள் கேட்டைச் சாத்தி, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். லாரிகள் திரும்பிப் போயின. பத்து நாளில் அதே சோளத்தை வாங்கிய வேறொரு மில்லின் தீவனத்தைத் தின்று ஊர் ஊராக மாடுகள் சுருண்டு விழுந்தன. அந்த மில்லை இழுத்து மூடினார்கள்.

முதலாளி நல்லகாமன் காரைப் போட்டுக்கொண்டு வந்து, மில்லைக் காப்பாற்றிவிட்டீர்கள் என்று இன்னாசிமுத்துவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நான் இல்லை என்று சொல்லத்தான் இவரும் வாயைத் திறந்தார். அதற்குள் முதலாளியின் கண் கலங்கிவிட்டது. சரி, பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டார். அடுத்த ஆயுத பூஜையில் எல்லோர் முன்னிலையிலும் முதலாளி இவர் விரலில் மோதிரம் போட்டபோது ஆஷ்லினும் கூட்டத்தில் நின்று கை தட்டினாள். அன்றிலிருந்து அந்தப் பேச்சை அவளும் எடுத்ததில்லை, இவரும் எடுத்ததில்லை, மேனேஜருக்குப் பயந்து மற்றவர்களும் எடுத்ததில்லை.

இப்போது ஒருத்தி போனில் கேட்கிறாள். மில்லில் இருக்கிற எவனோ போட்டுக்கொடுத்திருக்கிறான். பெண் அடங்காதவள் என்று பெயர் வந்துவிட்டால் வரன் தட்டிப்போகும். தவிர, திண்டுக்கல் வரை போன பேச்சு முதலாளியின் காதுக்குப் போக எவ்வளவு நேரமாகும்? இந்த இரண்டில் எது முந்திக்கொண்டது என்று அவரைக் கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது.

"சேச்சே, யாரும்மா சொன்னது? திருப்பி அனுப்புனது நானு. அந்தப் புள்ள நான் சொன்னதத்தான் செஞ்சுச்சு."

உறுதியாகச் சொல்கிறீர்களா என்று அவள் மறுபடியும் கேட்டாள். சத்தியமாக என்றார். அவள் நன்றி சொல்லி வைத்துவிட்டாள். இன்னாசிமுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு, பேசிவிட்டார்கள், எல்லாம் நல்லபடியாகச் சொல்லிவிட்டேன் என்று ஜெஸி டீச்சருக்குக் கும்பிடு பொம்மையோடு செய்தி அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு ஆஷ்லின் அவர் அறைக்குள் வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. கையில் ஒரு தாள் இருந்தது. அதை மேசைமேல் வைத்தாள்.

"சார், எனக்கு லட்சியமே கெடையாதுன்னு சொன்னீங்களா?"

யாரிடம் என்று கேட்டார். புதன்கிழமை போனில் என்றாள்.

அவர் தாளை எடுத்துப் படித்தார். கல்லூரியிலிருந்து அவளுக்கு வந்த மெயில். பரிந்துரைப் படிவத்தில் விவரம் போதாததால் பரிந்துரைத்தவரைத் தொலைபேசியில் அழைத்ததாகவும், அவளுக்குப் பெரிய லட்சியம் எதுவும் இல்லை என்று அவர் சொன்னதாகவும், கட்டுரையில் அவள் எழுதியிருக்கும் மக்காச்சோளச் சம்பவத்தை அவர் அடியோடு மறுத்துவிட்டதாகவும் இருந்தது. இன்று மாலை ஐந்து மணிக்குள் பரிந்துரைத்தவரின் எழுத்துப்பூர்வமான விளக்கம் வர வேண்டும். வராவிட்டால், பொய்த் தகவல் கொடுத்ததாக விண்ணப்பம் தள்ளப்படும், இனி எந்த ஆண்டும் அவள் அங்கே விண்ணப்பிக்க முடியாது. கீழே ஆர்த்திகா என்று கையெழுத்து.

 போனில் சொன்னது ஒவ்வொன்றும் வரிசையாக இன்னாசிமுத்துவுக்கு நினைவுக்கு வந்தது. இருக்கிற இடம் தெரியாது. சொந்தமாக முடிவு எடுக்காது. வேண்டாம் என்றால் படிப்பை விட்டுவிடும். பிள்ளைக்கு நல்லது செய்வதாக நினைத்து, அதன் எட்டு மாத உழைப்பைப் பத்து நிமிடத்தில் குழிதோண்டிப் புதைத்திருக்கிறார்.

"அது... மாப்பிள்ள வீடு இல்லையா?" என்றார்.

"எந்த மாப்பிள்ள வீடு?"

சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. டீச்சர் சொன்னது, திண்டுக்கல், இன்ஜினீயர் எல்லாவற்றையும் சொன்னார். அவள் எதிரே இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே கேட்டாள். அம்மா தனக்குத் தெரியாமல் செய்ததும் இப்போதுதான் அவளுக்குத் தெரிகிறது. ஒரே நாளில் இரண்டு இடி. அழுதிருந்தால்கூட இன்னாசிமுத்துவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் அழவில்லை. (அந்தத் திண்டுக்கல்காரர்கள் வேறு யாரிடமோ விசாரித்துவிட்டுப் போய்விட்டார்கள் என்பதும், அவரை அவர்கள் அழைக்கவே இல்லை என்பதும் பிற்பாடு தெரிய வந்தது.)

"சரி சார். பொண்ணு கேக்குறாங்கன்னு நெனச்சுத்தான் அப்பிடிச் சொன்னீங்க. அத விடுங்க. அந்தச் சோளத்தப் பத்திச் சொன்னீங்களே, அதுவும் எனக்காகத்தான் சொன்னீங்களா?"

 ஆமாம் என்று சொல்ல வாய் எழவில்லை, இல்லை என்று சொல்லவும் துணிவு வரவில்லை. சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார்.

என்ன எழுத வேண்டும் என்று சொல்லும்மா, நீ சொல்லச் சொல்ல நான் அடிக்கிறேன் என்றார். பழக்கதோஷம். அவள் தலையை ஆட்டிவிட்டாள்.

"நான் சொல்லிக் குடுத்து நீங்க எழுதுனா, என்னைய அவங்க பொய்க்காரின்னு சொன்னது நெசமாயிரும். நடந்தத நீங்களே எழுதுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போய் எடை மேடைப் பக்கம் நின்றுகொண்டாள்.

முதலில் நான்கு வரி அடித்தார். அது திருமண விசாரிப்பு என்று தவறாக எண்ணிவிட்டேன், மன்னிக்கவும் என்று. படித்துப் பார்த்தபோது அவருக்கே சிரிப்பு வந்தது. எவன் நம்புவான்? வேலை பார்க்கிற பெண் வந்து காலைப் பிடித்தாள், மேனேஜர் மாற்றி எழுதிவிட்டான் என்றுதான் நினைப்பார்கள். அழித்தார். மறுபடி அடித்தார். மணி மூன்றரை ஆயிற்று. மழை, லாரி, குத்தூசி, கேட்டுச் சாவி எல்லாம் அவருக்குத் தெரிந்த இங்கிலீஷில் ஒவ்வொன்றாக வந்தன. நான் கத்தினேன், அவள் நகரவில்லை என்று எழுதினார். பாராட்டை நான் வாங்கிக்கொண்டேன் என்று எழுதினார். தன் ஐம்பத்தாறு வயதில் முதல் தடவையாக ஒருவரைப் பற்றித் தன் சொந்த வார்த்தையில் எழுதுகிறார், அதுவும் இப்படி வந்து வாய்த்திருக்கிறது.

எழுதி முடித்தும் சந்தேகம் தீரவில்லை. புதன்கிழமை சத்தியம் பண்ணியவன் வெள்ளிக்கிழமை மாற்றிச் சொன்னால் எந்தச் சத்தியம் செல்லும்? பொய் சொல்கிறவன் எதைச் செய்யமாட்டான் என்று யோசித்தார். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ள மாட்டான். ஆகவே, நான் ஏமாற்றிய என் முதலாளிக்கும் இதன் நகலை அனுப்புகிறேன், அவரையே கேட்டுக்கொள்ளலாம் என்று கடைசி வரியைச் சேர்த்து, நல்லகாமனின் மெயில் முகவரியையும் போட்டார். அதற்கு மேல் விரல் நகரவில்லை. முப்பத்தொரு வருட வேலை. மாதாவே என்று கண்ணை மூடிக்கொண்டு தட்டினார். மணி நான்கு இருபது.

நான்கு ஐம்பதுக்கு ஆஷ்லினுக்குப் பதில் வந்தது. உள்ளே வந்து போனைக் காட்டினாள். விளக்கம் ஏற்கப்பட்டது, அடுத்த சனிக்கிழமை நேர்முகத் தேர்வுக்கு வரவும். அவள் முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. தேங்க்ஸ் சார் என்றாள்.  இன்னும் ஏதாவது சொல்ல மாட்டாளா என்று இன்னாசிமுத்து ஏங்கியது நிஜம்.

அப்போது மேசைமேல் இருந்த அவர் போன் அடித்தது. நல்லகாமன்.

"இன்னாசி, இங்கிலீஷ்ல என்னமோ நீளமா அனுப்பிருக்கீங்க. நமக்கு அம்புட்டு ஓடாதுன்னு உங்களுக்குத் தெரியாதா? என்னான்னு தமிழ்ல சொல்லுங்க."

 முதலாளிக்கு வருகிற இங்கிலீஷ் கடிதத்தை, மெயிலை எல்லாம் முப்பத்தொரு வருடமாகப் படித்துச் சொல்கிறவரே இன்னாசிமுத்துதான். பதற்றத்தில் அது மறந்துபோனதா, அல்லது எப்படியும் அவர் படிக்கப்போவதில்லை என்று மனதின் ஒரு மூலை நிம்மதியாக இருந்ததா? எதுவானாலும் இப்போது எழுத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள வழியில்லை. வாயால் சொல்ல வேண்டும். அதுவும் அவள் எதிரில்.

ஆஷ்லின் வெளியே போகத் திரும்பினாள். இருக்கும்படி கையைக் காட்டினார்.

"அண்ணே, அந்தச் சோளத்த நான் திருப்பி அனுப்பலண்ணே. இந்தப் புள்ள ஆஷ்லின்தான் அனுப்புச்சு. நான் இறக்கச் சொன்னேன்."

 திட்டுவார், வேலையை விட்டுப் போகச் சொல்லுவார் என்று இன்னாசிமுத்து காத்திருந்தார். நல்லகாமன் குரலை உயர்த்தவே இல்லை.

"அன்னைக்கு அந்தப் புள்ள லீவு போட்டிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

இந்தக் கேள்வி இரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட இன்னாசிமுத்துவின் மனதில் வந்ததில்லை. வாங்கிய பேரைப் பற்றிப் பயந்திருக்கிறார், மாட்டிக்கொள்வதைப் பற்றிப் பயந்திருக்கிறார். அந்த மாடுகளைப் பற்றி அவர் நினைத்ததே இல்லை. இந்த மில்லின் மூட்டையை வாங்கிக்கொண்டு போகிற அத்தனை வீட்டுத் தொழுவங்களும் ஒரு நொடியில் கண் முன்னால் வந்தன.

"மூணு லோடையும் இறக்கிருப்பேண்ணே" என்றார்.

சொல்லிவிட்டு அவரே அதிர்ந்துபோய் நின்றார்.  முதலாளி, போனை அந்தப் பிள்ளையிடம் கொடுங்கள் என்று மட்டும் சொன்னார்.

இன்னாசிமுத்து போனை நீட்டினார். ஆஷ்லின் வாங்கிக் காதில் வைத்து, சொல்லுங்க சார் என்று சொல்லியபடியே வெளியே நடந்து போனாள். கால் மணி நேரம் அவளும் முதலாளியும் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று அவர் கேட்கவில்லை, அவருக்கு யாரும் சொல்லவும் இல்லை.